கோலாலம்பூரில் ஒரு விரல் அகலப் பாலைவனம்: பருப்புக்கீரை வறட்சியைத் தாங்கும் விதம்

கோலாலம்பூர் மழைக்குப் பேர் போன ஊர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும். மத்தியானம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு இடியோடு மழை, இருட்டுவதற்குள் அஞ்சடி நடைபாதையெல்லாம் காய்ந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாலைவன வாழ்க்கையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. பாலைவனம் நம் காலடியிலேயே கிடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை ஓரமாக நடக்கும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். நடைபாதைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். அதற்குள் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசியும் மணலும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் கல்மேல் விழுந்த நீர் நேராகக் கால்வாய்க்கு ஓடிவிடும். இடைவெளியில் இறங்குவது சொற்பம். இறங்கியதும் மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடும். உச்சி வெயிலில் பக்கத்துத் தார்ச்சாலையின் மேற்பரப்புச் சூடு 60 டிகிரி செல்சியஸைக்கூட எட்டும். வேர் இறங்க ஆழமில்லை, ஒதுங்க நிழலில்லை, நாலு நாள் மழை தப்பினால் ஈரமும் இல்லை.

பழந்தமிழர் நிலத்தை ஐந்து திணைகளாக வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுக் காய்ந்தால் அதுவே பாலை என்றார்கள். எவ்வளவு கூர்மையான பார்வை அது! ஓர் இடம் பாலையா இல்லையா என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அங்கே வேரூன்றிய உயிருக்கு நீர் எட்டுகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்த ஊரின் நடைபாதைகளில் ஆயிரக்கணக்கான குட்டிப் பாலைகள் இருக்கின்றன. அவற்றில் செழிப்பாக வாழ்கிற ஒரு செடி, சஹாரா ஓரத்திலும் மெக்சிகோவின் வறண்ட நிலத்திலும் வாழ்கிற அதே செடிதான்.

அது பருப்புக்கீரை. மலாயில் கெலாங் பாசிர் என்பார்கள். அறிவியல் பெயர் போர்ச்சுலக்கா ஒலரேசியா. தமிழ்நாட்டில் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கீரை. இங்கே பெரும்பாலும் களை என்று பிடுங்கி எறிகிறோம். தரையோடு தரையாக நாலாபுறமும் படரும். தண்டு வழுவழுப்பாக, வெயில் பட்ட பக்கம் செக்கச்செவேலென்று இருக்கும். இலை கட்டைவிரல் நகத்தளவு. நுனி அகன்று, காம்புப் பக்கம் குறுகி, தொட்டால் தடிமனாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் கொழகொழவென்று நீர் கசியும். காலை வெயில் ஏறியதும் கிளை நுனியில் ஐந்து இதழ் மஞ்சள் பூ ஒன்று விரியும். சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும்.

அதே இடைவெளிகளில் அம்மான் பச்சரிசியும் அதன் சொந்தக்காரச் செடிகளும் முளைக்கும். பார்க்கக் கொஞ்சம் ஒன்றுபோல் தெரியும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. பால் வராமல் தெளிந்த நீர் கசிந்தால் பருப்புக்கீரையாக இருக்கலாம். இந்த வித்தியாசம் பிற்பாடு தேவைப்படும்.

பசிக்குத் திறந்தால் தாகம்

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே படித்திருப்போம். செடி கரிவளியையும் (கார்பன் டைஆக்சைடு) நீரையும் எடுத்துக்கொண்டு, சூரிய ஒளியின் பலத்தால் மாவுச்சத்தைச் செய்துகொள்கிறது. உயிர்வளியை (ஆக்சிஜன்) வெளியே விடுகிறது. சரி. ஆனால் அந்தக் கரிவளி எப்படி உள்ளே வருகிறது என்ற இடத்தில்தான் செடியின் வாழ்க்கைப் போராட்டமே இருக்கிறது.

இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளமாக இருக்கின்றன. கரிவளி அவற்றின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் காற்றில் கரிவளி இருப்பதோ ஏறக்குறைய 0.04 விழுக்காடு. இலைக்குள்ளே ஈரம் ததும்பி நிற்கிறது, வெளியே காற்று காய்ந்து கிடக்கிறது. துளையைத் திறந்த உடனே கரிவளி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். நீராவி வேகவேகமாக வெளியே போகும். நெல் போன்ற சாதாரணச் செடி ஒரு மூலக்கூறு கரிவளியைப் பிடிக்க ஏறக்குறைய 400 முதல் 500 மூலக்கூறு நீரை இழக்கிறது. துளையை மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் பட்டினி. திறந்தால் சாப்பாடு கிடைக்கும், ஆனால் தாகம். வறண்ட இடத்தில் வாழும் எந்தச் செடியும் இந்த இக்கட்டுக்கு ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே வந்த கரிவளியைப் பிடித்துக் கோர்க்கும் வேலையைச் செய்வது ரூபிஸ்கோ என்னும் நொதி. பூமியில் மிக அதிக அளவில் இருக்கும் புரதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மெதுவான வேலைக்காரன். நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை, கரிவளிக்குப் பதிலாக உயிர்வளியைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்துவிட்டால் அதைச் சரிசெய்யச் செடி ஏற்கெனவே சேர்த்த சத்தில் கொஞ்சத்தைச் செலவழித்தாக வேண்டும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். சூடு ஏற ஏற இந்தத் தவறு கூடும். துளையை மூடிக்கொண்டாலோ இன்னும் மோசம்: உள்ளே கரிவளி தீர்ந்துபோகும், உயிர்வளி பெருகிக்கொண்டே இருக்கும். நெல், கித்தா (ரப்பர்), செம்பனை எல்லாமே இந்த நஷ்டத்தோடுதான் காலத்தை ஓட்டுகின்றன. மழை தாராளமாக இருக்கும் இடத்தில் அது பெரிய பாதிப்பில்லை. கல் இடுக்கில் அது கட்டுபடியாகாது.

கரும்பு கண்ட வழி

ரூபிஸ்கோவைத் திருத்த முடியாது என்றால், அதைச் சுற்றிக் கரிவளியை நிறைத்து வைக்கலாம். தப்பாகப் பிடிக்க உயிர்வளிக்கு இடம் கிடைக்காது. இதைத்தான் சி4 முறை என்கிறார்கள். அதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது கரும்பு.

கரும்பை விட்டு மலேசியத் தமிழர் கதையைச் சொல்ல முடியாது. கித்தாவுக்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில், பினாங்குக்கு எதிர்க்கரையில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில்தான் நம்மவர்கள் பெருந்திரளாக வேலைக்கு இறங்கினார்கள். இன்றும் தைப்பூசத்தில் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைச் சுமந்து போகிறோம். அதே கரும்பின் இலையை 1960களில் ஹவாய்த் தீவுகளில் ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். வெயிலில் இருக்கும் கரும்பு இலை கரிவளியைப் பிடித்ததும் முதலில் உண்டாவது, எல்லாரும் எதிர்பார்த்த மூன்று கரிம அணு கொண்ட பொருள் இல்லை. நான்கு கரிம அணு கொண்ட அமிலம். ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இருவர் அதன் பாதையைத் தேடிப்போய் 1966இல் விளக்கினார்கள். சி4 என்ற பெயரில் இருக்கும் 4 அந்த நாலு கரிம அணுதான்.

சி4 இலையில் இரண்டு வகை உயிரணுக்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இலையின் சதைப்பகுதியில் இருப்பவை வேறொரு நொதியை வைத்துக் கரிவளியைப் பிடிக்கின்றன. அந்த நொதிக்கு உயிர்வளியைப் பிடிக்கும் கெட்ட பழக்கம் அறவே கிடையாது. பிடித்ததை நாலு கரிம அமிலமாக்கி, இலை நரம்பைச் சுற்றி உறையாக அமைந்திருக்கும் உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அமிலம் உடைந்து கரிவளி வெளிவருகிறது. அங்கேதான் ரூபிஸ்கோ காத்திருக்கிறது. கரிவளி அடர்த்தியாக நிறைந்திருப்பதால் அது தவறு செய்வது அநேகமாக நின்றுபோகிறது. இலைத்துளையை முழுக்கத் திறக்கவும் வேண்டியதில்லை. ஒரு மூலக்கூறு கரிவளிக்கு நீர்ச் செலவு 250 முதல் 300 மூலக்கூறு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். அதனால் வெயிலும் சூடும் நிறைய இருக்கும் இடத்தில்தான் இது லாபம். மக்காச்சோளம், லாலாங் புல், வீட்டு முன்னால் இருக்கும் மாட்டுப்புல், மேலே சொன்ன அம்மான் பச்சரிசி, எல்லாம் சி4. தாவர இனங்களில் சுமார் 3 விழுக்காடுதான் சி4. ஆனால் நிலத்தில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்டக் கால்வாசி அவற்றுடையது. பருப்புக்கீரையும் ஒரு சி4 செடி. நீர் கிடைக்கிற நாட்களில் அது ஏன் கண்மூடித் திறப்பதற்குள் படர்கிறது என்பதற்கு விடை இதுதான்.

காலையில் புளிக்கும் இலை

இரண்டாவது வழி இன்னும் அழகானது. என் பார்வையில், செடிகளின் உலகத்திலேயே மிக நேர்த்தியான ஏற்பாடு இது. அதை முதலில் கவனித்துப் பதிந்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தில் இருந்தவர்.

ரணகள்ளி தெரியுமல்லவா? புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் இலை என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒன்று ஒளித்து வைத்திருப்போம். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் அந்த இலையை வாயில் போட்டு மென்று பார்த்திருக்கிறார். காலையில் நன்றாகப் புளித்தது. நேரம் ஆக ஆகப் புளிப்பு குறைந்தது. நண்பகலில் எந்தச் சுவையும் இல்லை. சாயங்காலம் லேசாகக் கசந்தது. இதை 1813இல் ஒரு கடிதமாக எழுதினார். ஆய்வுக்கூடம் கிடையாது, கருவி கிடையாது. ஒரு மனிதர், ஒரு செடி, ஒரு நாக்கு. அந்தப் புளிப்பு ஏன் வந்து போகிறது என்பது முழுதாகப் புரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

விஷயம் இதுதான். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன, இரவில் திறக்கின்றன. இரவுக் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும், நீர் இழப்பு மிகக் குறைவு. ஆனால் இரவில் வெயில் இல்லை, மாவுச்சத்து செய்ய முடியாது. அதனால் வந்த கரிவளியை மாலிக் அமிலமாக்கி, உயிரணுவுக்குள் இருக்கும் பெரிய நீர்ப்பையில் சேர்த்து வைக்கின்றன. பொழுது விடியும்போது பை நிறையப் புளிப்பு. வெயில் வந்ததும் துளையை இறுக மூடிவிட்டு, அமிலத்தை உடைத்து, உள்ளேயே கரிவளியை எடுத்து ஒளிச்சேர்க்கையை நடத்துகின்றன. சாயங்காலத்துக்குள் அமிலம் தீர்ந்துவிடும். நீர்ச் செலவு, ஒரு மூலக்கூறு கரிவளிக்கு 50 முதல் 100 மூலக்கூறு மட்டுமே.

செலாயாங் மொத்தச் சந்தைக்கு நடுராத்திரியில் போய்க் காய்கறி வாங்கிவந்து அடுக்கி வைத்துவிட்டு, பகலில் கடையை விட்டு நகராமல் சமைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குவது ஒரு நேரம், ஆக்குவது இன்னொரு நேரம். சி4 செடியோ, வாங்க ஓர் ஆளும் ஆக்க ஓர் ஆளும் வைத்துப் பகலிலேயே இரண்டையும் ஒருசேர நடத்தும் கடை. ஒன்று வேலையை நேரத்தால் பிரிக்கிறது, மற்றது இடத்தால் பிரிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

இரவு முறையை விஞ்ஞானிகள் சிஏஎம் என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். ரணகள்ளியின் குடும்பப் பெயரான கிராசுலேசியிலிருந்து வந்தது அந்தப் பெயர். அன்னாசி, டிராகன் பழம், சோற்றுக்கற்றாழை எல்லாம் இந்த வகை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் அடிமரத்தில், சின்னச் சின்ன வட்ட இலைகளோடு ஒட்டிப் படரும் பெரணியும் இதே வகைதான். மழைக்காட்டு நாட்டில் அதற்கு ஏன் இந்தப் பாலைவன வித்தை என்று கேட்கலாம். மரப்பட்டையில் மண் கிடையாது. மழை விட்டதும் அங்கேயும் பாலைதான்.

இரவு முறைக்கு ஒரு குறை உண்டு. பையில் எவ்வளவு அமிலம் பிடிக்குமோ அவ்வளவுதான் மறுநாள் வருமானம். அதனால் வளர்ச்சி பெரும்பாலும் மெதுவாகவே இருக்கும். அன்னாசி நட்டுப் பழம் பார்க்க ஒன்றரை ஆண்டு வரைகூடக் காத்திருக்க வேண்டும். பருப்புக்கீரை அப்படி இல்லை, முளைத்த சில வாரங்களிலேயே பூத்துக் காய்த்துவிடும்.

ஒரே இலையில் இரண்டும்

ஒரு செடி ஒன்று சி4 ஆக இருக்கும், இல்லாவிட்டால் இரவு முறையில் இருக்கும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். நினைத்ததில் நியாயமும் இருந்தது. இரண்டு முறைகளும் ஏறக்குறைய அதே நொதிகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றில் அவை பகலில் வேலை செய்ய வேண்டும், மற்றதில் இரவில். ஒரே இலையில் இரண்டும் நடந்தால் ஒன்றையொன்று குழப்பிவிடும் அல்லவா?

பருப்புக்கீரை அதைச் செய்கிறது. நீர் இருக்கும் வரை அது முழு சி4 செடி. நீர் நின்று ஒரு வாரம் போல ஆகும்போது பகலில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. இரவில் இலைக்குள் அமிலம் சேர ஆரம்பிக்கிறது. 1980 வாக்கிலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். சப்பாத்திக்கள்ளி அளவுக்கு வெளியிலிருந்து இரவில் நிறையக் கரிவளி எடுப்பதில்லை. தன் சுவாசத்தில் தானே விடும் கரிவளியையும் வெளியே போகவிடாமல் பிடித்து அமிலமாக்கிக்கொள்கிறது. செலவைச் சுருக்கி, உள்ளதை வீணாக்காமல், மழை வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. மறுபடி நீர் ஊற்றினால் சில நாட்களில் இரவு முறை அடங்கிப்போய், பழையபடி சி4 வேகத்துக்குத் திரும்பிவிடும்.

இரண்டும் எப்படிக் குழப்பமில்லாமல் நடக்கின்றன என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. சி4 ஒரு வகை உயிரணுவிலும் இரவு முறை இன்னொரு வகையிலும் தனித்தனியாக நடக்கலாம் என்ற கருத்தும் இருந்தது. 2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலையின் எந்தப் பகுதியில் எந்த மரபணு எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே சதைப்பகுதி உயிரணுக்களில் நடக்கின்றன என்று தெரிந்தது. இரவில் சேர்த்த அமிலம் பகலில் சி4 பாதையிலேயே ஏறி, நரம்பைச் சுற்றிய உறைக்குப் போய்ச் சேருகிறது. ஆக, இரண்டு தனித்தனி இயந்திரங்கள் அடுத்தடுத்து ஓடவில்லை. ஒன்றோடொன்று பிணைந்த ஒரே ஓட்டம். இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேறு சில செடிகளிலும் இந்த இரட்டை ஏற்பாடு இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. ஆனால் மிகச் சிலவற்றில்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் வழுக்கி விழும் இடம் இது. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் இருக்கும் அந்த ஒரு செடி, "இங்கே வறட்சியாக இருக்கிறது, புதிதாக ஏதாவது செய்வோம்" என்று கண்டுபிடித்துவிடவில்லை. அது செய்வது, ஏற்கெனவே தன் மரபணுவில் இருக்கும் ஒரு வழியைத் தேவைப்படும்போது திறந்து, தேவை முடிந்ததும் மூடுவது. அந்த வழி உருவானது எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னால். வறட்சியில் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள் பெருக, மற்றவை அழிய, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. முதலாவது ஒரு செடி தன் ஆயுளுக்குள் சமாளிப்பது. இரண்டாவது ஓர் இனம் காலப்போக்கில் மாறுவது. தகவமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

பருப்புக்கீரையின் சொந்தபந்தத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கள்ளிச்செடிக் குடும்பம் அதற்கு மிக நெருங்கிய உறவு. சப்பாத்திக்கள்ளியும் டிராகன் பழமும் ஒரு விதத்தில் அதன் பங்காளிகள். அந்தக் கூட்டத்தில் பல செடிகளிடம் இரவு முறை கொஞ்சமோ நிறையவோ இருக்கிறது. ஆகவே அது பருப்புக்கீரைக்குப் பாட்டன் பூட்டன் வழியில் வந்த சொத்து. சி4 பிற்பாடு அதன்மேல் வந்து சேர்ந்தது. பங்காளிகளில் கள்ளிகள் முழுக்க இரவு முறைக்கே போய், பெரும்பாலானவை இலையை உதறிவிட்டுத் தண்டைப் பருக்கவைத்தன. பருப்புக்கீரை பழையதையும் கைவிடாமல் புதியதையும் சேர்த்துக்கொண்டது. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஓர் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை கிடையாது. கோலாலம்பூர் நடைபாதையில் அப்படித்தானே நடக்கிறது, ஒரு நாள் வெள்ளம், மறுநாள் அனல்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டு, சதைப்பற்றுள்ள தண்டோடு காத்திருக்கும். மழை வந்ததும் தண்டிலிருந்தே துளிர்க்கும். தண்டின் சிவப்பு, பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கும் அதே வகை நிறமி. காய் முற்றியதும் அதன் மேல்பாதி மூடியாகக் கழன்று விழும். உள்ளே மணல்போலப் பொடியாகக் கருப்பு விதைகள். ஒரு பெரிய செடி பல்லாயிரம் விதை போடும். மண்ணில் புதைந்தால் அவை பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். பிடுங்கிக் கால்வாய் ஓரம் எறிந்தாலும், தண்டில் இருக்கும் நீரைக் கொண்டே காயை முற்ற வைத்துவிடும். ஒரு துண்டு ஈரமண்ணில் பட்டால் அதுவே வேர்விடும். இதைக் களையெடுப்பவர்கள் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் செடி மேல் விஞ்ஞானிகளுக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்றால், மக்காச்சோளமும் சி4, கரும்பும் சி4. மழை பொய்க்கும்போது இரவு முறைக்கு மாறும் திறனை அவற்றுக்கும் கொடுக்க முடிந்தால், காய்ந்துபோகும் வயல்களைக் கொஞ்சம் காப்பாற்றலாம். சொல்வது சுலபம். ஒன்றிரண்டு மரபணுவை மாற்றினால் போதாது. இலை தடிக்க வேண்டும், நீர்ப்பை பெருக்க வேண்டும், இலைத்துளைகளின் நேரமே மாற வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே உயிரணுவுக்குள் ஒத்துப்போகும் என்று இயற்கையே செய்து காட்டியிருப்பது பெரிய விஷயம். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நினைத்திருந்த இடத்தில், வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1998இலும் 2014இலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பங்கீடு செய்து கொடுத்தார்கள். வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு வறட்சி எங்கோ தூரத்து ஊர்ச் சமாச்சாரம் இல்லை என்பது தெரியும்.

வீட்டிலேயே பார்க்க

ஹெய்ன் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனி போதும். வெயில் விழ வேண்டும், மழை படக்கூடாது. நடைபாதையிலிருந்து ஒரு தண்டை எடுத்து வந்து, பால் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பல துண்டுகளாக்கி இரண்டு தொட்டிகளில் ஊன்றுங்கள். சில நாளில் வேர்விட்டுவிடும். இரண்டும் நன்றாகப் படர்ந்த பிறகு ஒரு தொட்டிக்கு வழக்கம்போல் நீர் ஊற்றுங்கள். மற்றதை ஒரு வாரம், பத்து நாள் காயவிடுங்கள். அப்புறம் காய்ந்த தொட்டியிலிருந்து விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், புதிதாகத் தழைத்த இலை ஒன்றைக் கிள்ளி மென்று பாருங்கள். அதே செடியில் சாயங்காலம் இன்னோர் இலை. நீர் ஊற்றிய தொட்டியிலும் அப்படியே.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். இந்தக் கீரையில் ஆக்சாலிக் அமிலம் எப்போதும் உண்டு, அதனால் எந்த நேரத்திலும் லேசாகப் புளிக்கத்தான் செய்யும். பார்க்க வேண்டியது புளிப்பு இருக்கிறதா என்பதை இல்லை. காலைப் புளிப்புக்கும் மாலைப் புளிப்புக்கும் உள்ள இடைவெளியை. காய்ந்த தொட்டியில் அது நன்றாகத் தெரிய வேண்டும், ஈரத் தொட்டியில் மங்கலாக இருக்க வேண்டும். நாக்கை நம்பாதவர்கள் இலையை நசுக்கி, அமிலம் பார்க்கும் தாளைத் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அறிவியல் விழாவுக்கு நல்ல பரிசோதனை. பிறகு காய்ந்த தொட்டிக்கும் நீர் ஊற்றிவிட்டு, அந்த இடைவெளி எத்தனை நாளில் சுருங்குகிறது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

சாலையோரத்தில் பறித்ததை அப்படியே வாயில் போட வேண்டாம். களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், வண்டிப் புகை படிந்திருக்கும், நாய் அசுத்தம் செய்திருக்கும். வீட்டுத் தொட்டியில் புதிதாகத் துளிர்த்ததைக் கழுவிச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் ஆக்சாலிக் அமிலத்தை உத்தேசித்து இந்தக் கீரையைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் அருமையாக இருக்கும். புளிப்பு வேண்டாம் என்பவர்கள் சாயங்காலமாகப் பறிக்கலாம். புளி சேர்க்காமலே கொஞ்சம் புளிப்பாக வேண்டும் என்றால், ஒரு வாரம் போல நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, விடியற்காலையில்.